ஏழாம் குவளை

ஆறு கண்ணாடிக் குவளைகள்
முப்பத்தேழு டிகிரி வெதுநீரில்
கழுத்தளவு நிற்கின்றன.
உள்ளே துடுப்புகள், நிமிடத்துக்கு ஐம்பது சுற்று.
இதுதான் வயிறு என்கிறது செய்முறை ஏடு.
பசிக்காத வயிறு. நேற்றைய ரொட்டியை
நினைத்து வருந்தாத வயிறு.

முதல் இரண்டு மணி நேரம் அமிலம்.
செங்கல் நிற மாத்திரைகள் அடியில் கிடக்கின்றன,
அடித்தாலும் வாய் திறக்காத சாட்சிகள்.
சிரிஞ்சில் நீரெடுத்துப் பார்க்கிறேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன்.
பாதிச் சம்பளம் அதற்குத்தான்.

வெளியே லியுப்லியானாவின் ஜனவரி மூடுபனி.
வீட்டிலிருந்து இங்கே வர
பதினோரு நிறுத்தம், நான்கு கழிப்பறை,
அதில் ஒன்று ஞாயிறு பூட்டு.
ஒன்பது வருடமாக இந்த ஊரை
எனக்கு இப்படித்தான் தெரியும்.
கோட்டைக்கு வழி கேட்கிறார்கள் பயணிகள்.
கை மேட்டைக் காட்டும்,
கண் அடுத்த கதவைத் தேடும்.

படத்தின் நடுவே எழுந்து எழுந்து போனதில்
யாரோ இருக்கிறார்கள் என்றே நினைத்தான் ததேய்.
இருந்தது.
பெருங்குடலின் கடைசி நாற்பது சென்டிமீட்டர்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.
ஒரு அறையில் பற்றிய தீக்கு
தெருவையே நனைத்தார்கள்.
முகம் உப்பியது, தூக்கம் போனது,
தங்கையின் கல்யாணப் படத்தில்
என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.
பிறகுதான் இந்தச் செங்கல் நிறம்:
வழியில் எங்கும் இறங்காமல்
பி.ஹெச். ஏழு வந்ததும் சட்டையைக் கழற்றும் மருந்து.

அமிலத்தை வடித்து அடுத்த நீரை ஊற்றுகிறேன்.
நாற்பதாவது நிமிடம்
மூன்றாம் குவளையில் ஒரு விரிசல்,
செம்புழுதி மெல்ல எழுகிறது.
பிறகு ஒன்று, ஐந்து. பிறகு எல்லாம்.
ஆறும் தேர்ச்சி.

நவம்பரில் ஒரு காலை
என் மாத்திரை முழுசாக வெளியே வந்தது.
கீறல்கூட இல்லை.
அருவருப்பை விழுங்கி எடுத்துக் கழுவினேன்.
எல்லோரும் போனபின்
விதியை மீறிக் குவளையில் போட்டேன்.
முப்பத்தெட்டு நிமிடம். அழகாகத் திறந்தது.

மாத்திரை பொய் சொல்லவில்லை.
புண்பட்ட குடலில்
ஏழு வரவேயில்லை, அல்லது
நிற்க நேரமின்றி ஓடியிருக்கிறது எல்லாம்.
சாவி சரி, பூட்டும் சரி,
வீடுதான் இடம் மாறிவிட்டது.

இப்போது டாக்டர் யெல்கா வேறொன்று எழுதியிருக்கிறார்.
மாவுப் பூச்சு. எண்ணை நம்பாது,
பெருங்குடலில் குடியிருக்கும் கிருமிகள்
கடித்துத் தின்றால்தான் திறக்குமாம்.
என் கிருமிகளை எனக்குத் தெரியாது.
ஒன்பது வருடத்தில்
அவற்றில் எத்தனை ஊரைக் காலிசெய்தனவோ.

விடிகிறது. குவளைகளைக் கழுவிக் கவிழ்க்கிறேன்.
குறிப்பேட்டில் ஆறு கட்டங்கள்தான்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து
நேரம் மட்டும் எழுதுகிறேன்:

6.10. விழுங்கியாயிற்று.
8.10 வரை அமிலம்.
ஒன்றுமில்லை என்று வரவேண்டும்.