எச்சம்

க்ரோனிங்கன். செவ்வாய், மூன்றாம் அமர்வு.
நிரலில் பதினொன்று இருபதுக்கு
ஹில்கே டெர்ப்ஸ்ட்ரா பேசுகிறார்.
அச்சாகி வந்த மறுநாள்தான் இறந்துபோனார்.
பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டலாமா என்றது குழு.
நூற்றெண்பது பிரதிகள்.
பசையோடு உட்கார எவருக்கும் கை வரவில்லை.

பதிவு மேசையில் பெயரட்டைகள் எல்லாம்
கழுத்து கழுத்தாகப் போய்ச் சேர்ந்தபின்
அவருடையது மட்டும் கிடந்தது,
மதிய உணவுச் சீட்டு உட்பட.

எனக்கு நேரம் காட்டும் வேலை.
மஞ்சள் அட்டை: ஐந்து நிமிடம்.
ஆரஞ்சு: ஒன்று.
சிவப்பில் எதுவும் எழுதியிருக்காது, தேவையில்லை.

"இருபது நிமிடம் மௌனமாக" என்று
தலைவர் யில்டோ தொடங்கும்போதே
கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்
புர்னோவிலிருந்து வந்த ஸ்தென்கா ஹவ்ரான்கோவா,
நனைந்த கோட்டைக் கழற்றாமல்.

அரங்கம் மூச்சை நிறுத்தியது.
பதினோரு வருடச் சண்டை அது.
புயல் அலை எம்ஸ் முகத்துவாரத்தில்
எவ்வளவு ஏறும் என்று கணிக்க
அவர் ஒரு முறை கண்டார்.
எட்டாம் தசமத்தில் அது திணறி நிற்கும் என்று
இவள் எழுதினாள்.
நிற்காது என்று அவர் மறுத்தார்.
மறுப்புக்கு மறுப்பு, அதற்கோர் அடிக்குறிப்பு.
லிஸ்பன் விருந்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.
உப்பைக்கூட
மூன்றாம் ஆள் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

பென்டிரைவைச் சொருகினாள்.
"பிப்ரவரியில் அனுப்பியிருந்தான்.
கடிதம் இல்லை. 'ஓட்டிப் பார்' என்று மட்டும்."

திரையில் அவருடைய நிரல்.
மாறிகளுக்கெல்லாம் ஃபிரீசிய மொழிப் பெயர்கள்:
நீர், சேறு, மதகு.
ஒரு வரியின் ஓரத்தில்
'இங்கே ஸ்தென்கா திட்டுவாள்' என்றொரு குறிப்பு.
அதை அவள் வாசித்துக் காட்டவில்லை.
நாங்களே வாசித்துக்கொண்டோம்.

கோடு இறங்கத் தொடங்கியது.
கண்ட விடையைச் சமன்பாட்டுக்குள் திரும்ப வைத்தால்
பொருந்தாமல் மிஞ்சுவதை
எச்சம் என்போம்.
அது தேயத் தேய எங்களுக்குத் தூக்கம் வரும்.
ஐந்து. ஆறு. ஏழு, கொஞ்சம் தயங்கி.
எட்டில்
யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.
எட்டைத் தாண்டிப் பிழைத்தது ஓர் இலக்கம்.
பிறகு ஒன்பதில்
தரையில் ஊற்றிய தண்ணீர்போல்
தட்டையானது.

"எட்டு என்றேன் நான்.
முடிவே இல்லை என்றான் அவன்.
ஒன்பது."
அவ்வளவுதான் உரை.

"எந்த நெறிமத்தில் அளந்தீர்கள்?"
தூலூஸ்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட
அரங்கம் சிரித்தது,
தேவைக்கு மேல், நெடுநேரம்.
மஞ்சளைத் தூக்கினேன். பார்த்தாள்.
ஆரஞ்சு.
சிவப்பைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

டெல்ஃப்சைல் மதகில் சக்கரம் திருப்புகிறவனுக்கு
ஒன்பது இலக்கம் எதற்கு?
நீர் எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால்
கதவை மூடிவிட்டுச் சாப்பிடப் போவான்.
ஹில்கேக்கும் அது தெரியும்.
மதகுக்காரரின் மகன்தானே.

மதியம் எல்லோரும் சூப்புக்குப் போனார்கள்.
அரங்கக் கணினியில் நிரலை நிறுத்தாமலே
ஸ்தென்கா ரயிலுக்குக் கிளம்பியிருந்தாள்.
நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.
ஒளிவீச்சியை அணைக்கக் கை நீட்டியபோது
திரையின் வலது விளிம்பில் ஏதோ அசைந்தது.

நாற்பது நிமிடம் தட்டையாய்க் கிடந்த கோடு
ஒரு படி
கீழே வைத்திருந்தது காலை.
பத்து.
நான் பார்க்கப் பார்க்கவே பத்தரை.

ஒன்று நாற்பத்தெட்டுக்கு ரயில்.
என் சைக்கிளுக்கு விளக்கில்லை, மழைக்கோட்டும் இல்லை.
சிவப்பு அட்டையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு
படிக்கட்டில் இறங்கி,
கால்வாய்ப் பாலம் தாண்டி,
ஸ்தென்கா, ஸ்தென்கா என்று
மூச்சிரைக்கக் கூவி