எட்டுக் குழி, ஏழு சாக்லேட்

யொகோத்தேயில் பிப்ரவரி என்றால்
கூரைப் பனியை வாரிக் கொட்டுகிற மாதம்.
நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன்.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

பதினான்காம் தேதி காலை
மேசைக்கு மேசை ஒரு பெட்டி.
அன்றைக்கு இங்கே பெண்கள்தான் கொடுப்பார்கள்,
ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள்.
மனசுக்குள் இருப்பவனுக்குத் தருவது ஒரு சாக்லேட்,
கடனே என்று தருவது வேறு சாக்லேட்.
மேலாளர், துணை மேலாளர்,
குழாய் பதிக்கும் இசாவா,
மார்ச்சில் ஓய்வுபெறும் தொகுரா என்று
பதினொரு ஆண்களுக்கும்
கணக்குப் பிரிவு குசாகா
ஒரே கடையில், ஒரே விலையில்,
ஒரே நீலக் காகிதத்தில் வாங்கி வைத்துவிட்டாள்.
மொய் எழுதுகிற முகம் அவளுக்கு.
யாருக்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அப்படித்தான் நினைத்தேன்,
பெட்டியைத் திறக்கிறவரை.

எட்டுக் குழி. ஏழு சாக்லேட்.
இரண்டாம் வரிசை மூன்றாம் குழியில்
கோகோத் தூள் மட்டும் கொஞ்சம்,
யாரோ உட்கார்ந்திருந்து
எழுந்து போன இடம் போல.

இசாவாவின் பெட்டியை எட்டிப் பார்த்தேன். எட்டு.
தொகுராவிடம் கேட்டேன்.
“எண்ணித் தின்கிற வயசா எனக்கு?” என்றார்.

மார்ச் பதினான்கு ஆண்களின் முறை.
வாங்கியதற்கு மூன்று மடங்காய்த்
திருப்பித் தரவேண்டும் என்று பேச்சு.
வட்டிக்கடைக்காரன்கூடக் கூசுவான்.
இடையிலிருந்த அந்த ஒரு மாதமும்
வீடு வீடாகப் பனியைத் தோண்டி
மீட்டர் மூடியைத் தூக்கும்போதெல்லாம்
அந்தக் குழிதான் தெரிந்தது.
தொழிற்சாலையில் விட்டுப்போனதா?
பசித்து எடுத்துத் தின்றாளா?
பசித்தால்,
பதினொன்றில் என் பெட்டியிலா கை வைப்பாள்?
நாற்பத்து மூன்று வயதுக்காரன்
யோசிக்கக் கூடாததையெல்லாம்
முழங்காலளவு பனியில் நின்று யோசித்தேன்.
இரண்டு வீட்டு அளவை மாற்றி எழுதினேன்.

ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
பத்து பிஸ்கட் கொண்ட தகர டப்பா ஒன்று வாங்கினேன்.
பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே
அதில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.
எலுமிச்சை.
ஒட்டுக் காகிதத்தைப் பழையபடி ஒட்டுவதற்குள்
இரண்டு பேருந்துகள் போய்விட்டன.

குசாகா டப்பாவைத் திறந்தாள்.
பேனா முனையால் எண்ணினாள்.
“ஒன்று குறைகிறது, இசோபே சான்.
ரசீது இருக்கிறதா? மாற்றித் தருவார்கள்.”
தொலைந்துவிட்டது என்றேன்.
சட்டைப்பையில் அது மொறமொறத்தது.
“சரி” என்று மூடிவைத்துவிட்டு
எந்த வீட்டின் நிலுவைக்கோ திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான்.
பனி உருகிற்று. தொகுரா போய்விட்டார்.
ஆற்றங்கரை பூத்தது, கொட்டியது.
கோடையில் மூன்று குழாய்கள் வெடித்தன.

டிசம்பர் இருபத்து நான்கு இங்கே ஜோடிகளின் இரவு.
தேவாலயம் எந்தத் தெருவில் என்றால்
பாதிப் பேருக்குத் தெரியாது.
பொரித்த கோழிக்கு மட்டும்
ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்துவிடுவார்கள்.
வெள்ளைக் கேக், மேலே ஸ்ட்ராபெரி,
இரண்டு முட்கரண்டி.
ஆளில்லாதவன் அன்றைய இரவுப் பணியை எடுத்துக்கொள்வான்.
உறைந்த குழாய்க்கும் யாராவது வேண்டுமே.
ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் என் பெயர்.
என்னைக் கேட்டு எழுதுவதுகூட இல்லை.

பணி அட்டவணை குசாகாவின் வேலை.
இந்த வருடம் அந்தக் கட்டத்தில் இசாவா.
கல்யாணமாகி ஐந்து மாதம் அவனுக்கு.
கொதித்துப்போய் அவள் மேசைமுன் நின்றான்.
“கட்டிக்கொண்டாயிற்றே, இனி எதற்கு உனக்கு அந்த ராத்திரி?”
தலை நிமிராமல்தான் சொன்னாள்.
காது மட்டும் சிவந்திருந்தது.
ஹீட்டர் பக்கத்து மேசை வேறு,
நிச்சயமாய் எதுவும் சொல்ல முடியாது.

மதிய இடைவேளையில்
மாடிப்படிக்குக் கீழே நின்று
கோழிக்கடைக்குப் போன் போட்டேன்.
எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள்.