ஏறத்தான் காசு

எட்டுக் கட்டில் அறையில் மேல்கட்டில் எனக்கு.
ஐந்து நாட்டுக் குறட்டைகளுக்கு நடுவே
இருட்டில் துழாவிக்
கிடைத்த காலுறைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
ஒன்று கறுப்பு. ஒன்று யாருடையதோ.

திபிலீசி.
தெருப்பலகை எங்கும் ஜாங்கிரி பிழிந்த எழுத்து.
நம்முடையதும் வளைவுதானே,
ஒன்றிரண்டாவது பிடிபடும் என்று நின்று பார்த்தேன்.
ற போலிருந்த ஒன்று நிஜமாகவே 'ர்' என்று பிறகு தெரிந்தது.
வணக்கத்துக்கு பதில் இந்த ஊரில் 'வெற்றி' என்கிறார்கள்.
அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான்.

கோட்டை வாசலில் தகரத் தடுப்பு. மராமத்து.
காற்றடிப்பதால் ரோப் கார் ஓடாது.
சீட்டு வாங்கத் தூக்கிய ஒற்றை விரலை
மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த விரலுக்கு இந்தப் பயணத்தில் ஓய்வே இல்லை.
முத்திரை குத்தும் அதிகாரி கேட்டார், ஒருவரா?
விடுதியில், சாப்பாட்டுக் கடையில், குளியல் கூடத்தில்:
கந்தக வெந்நீர்த் தொட்டி நான்கு பேருக்காம்,
ஒருத்தி இறங்கினாலும் நால்வர் காசு.
அழுகின முட்டை வாடையை மட்டும்
வெளியே நின்று இலவசமாக முகர்ந்துவிட்டு நடந்தேன்.

மதியம் படகு மாதிரி ஒரு ரொட்டி,
நடுவில் சீஸ் குளம், அதில் மஞ்சள் கரு.
பதினெட்டு லாரி.
முப்பதால் பெருக்கக் கூடாது என்று தெரியும்.
பெருக்கினேன்.
ஐந்நூற்று நாற்பது ரூபாயை
ஓரத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தோய்த்துத் தின்றேன்.
தட்டில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

பாலத்துச் சந்தையில்
பதக்கங்கள், பல் பிடுங்கும் குறடு, விலைக்கு ஒரு கல்யாண ஆல்பம்.
எல்லாப் படத்திலும் மணப்பெண் கண்ணை மூடியிருந்தாள்.
கடைபோட்டிருந்த தெமூரி என்னைப் படமெடுத்துத் தந்தார்:
ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது,
பாதி வானம் அவர் கட்டைவிரல்.
ஓரத்தில் ஒரு தோளும் பைப்பட்டையுமாக நான்.

சாயங்காலம் புறநகர்.
மூன்று பழைய அடுக்குமாடிகள்,
உச்சிக்கு உச்சி பாலம் போட்டவை.
லிப்டுக்குள் உண்டியல் போல் ஒரு பெட்டி;
இருபது தெத்ரி போட்டால்தான் நகரும்.
என்னிடம் நோட்டுகள் மட்டும்.
பின்னால் வந்தவளுக்கு என் வயதிருக்கும், இரண்டு கையிலும் பை.
என்னைப் பார்த்தாள். காசைப் போட்டாள்.
பெட்டி தலை எண்ணவில்லை.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நின்றது.
விளக்கும் போனது.

அவள் சொன்னது வசவாகத்தான் இருக்கும்,
மின்சார வாரியத்தை.
ஒரு பையை என் கையில் திணித்துவிட்டுக் கதவைக் குத்தினாள்.
மேலிருந்து ஒரு ஆண்குரல் நிதானமாகப் பதில் சொன்னது.
அந்த நிதானத்திலேயே தெரிந்தது, நேரமாகும்.

"சியூரி" என்றாள்.
"மங்கையர்க்கரசி" என்றேன்.
இருட்டு கொஞ்ச நேரம் யோசித்தது.
"மங்..."
போதும் என்றேன், தமிழில்.

பிறகு ஏதோ கேட்டாள்.
பழக்கத்தில் ஒற்றை விரலைத் தூக்கினேன்.
யார் பார்ப்பது?
தூக்கியபடியே வைத்திருந்தேன்,
அவள் மூச்சும் என் மூச்சும்
மாற்றி மாற்றி அந்தப் பெட்டியை நிரப்ப.

விளக்கு வந்ததும் இருவருக்கும் கூச்சம்.
பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே ஏறினோம்.
பதினொன்றில் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.
விருந்துக்கெல்லாம் கூப்பிடவில்லை.
அவளுக்கு உலை வைக்க நேரமாகியிருக்கும்.

பதினான்கில் பாலம். காற்று.
யார் வீட்டுப் போர்வைகளோ கொடியில் அடித்துக்கொண்டன.
ஏறத்தான் காசு, இறங்க இலவசம்.
இருந்தும் படியில் இறங்கினேன். பயம்.

இரவு உள்ளங்கையில் ஒரு தழை வாசம்.
சோம்பு மாதிரி. சோம்பு இல்லை.
முக்குக் கடையில் கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு சோடா;
மூடியைத் திருகியதும் அதே வாசம்.
பையன் அதன் பெயரைச் சொன்னான்,
தொண்டையைச் செருமிச் சொல்ல வேண்டிய பெயர்.
இரண்டு முறை முயன்றேன். சிரித்துவிட்டான்.

கீழ்க்கட்டில் போலந்துக்காரன் கேட்டான்:
கோட்டை பார்த்தாயா?
மூடியிருந்தது.
அப்புறம் என்னதான் பார்த்தாய்?

கால் மணி நேர இருட்டு என்று எப்படிச் சொல்ல?
சோடாவை நீட்டினேன்.
கால்மேல் கால் போட்டு அவன் குடித்தான்,
ஒரு காலில் சாம்பல்,
ஒரு காலில் என் கறுப்பு.