வெளி. ஒழுங்கை. பகல்.

வெளி. ஒழுங்கை. இரவு.
ஒன்பது பிரதியிலும் இப்படித்தான் எழுதியிருந்தேன்.

றூக்மன் மட்டக்களப்பிலிருந்து எடுத்தான்:
“பதினாலாம் காட்சி இரவில கட்டாது கா.
ஜெனரேட்டர், லைற், பொடியளுக்குக் கொத்து,
எண்பதாயிரம் போயிரும்.
பகலாக்கித் தா.”

லேசான வேலை.
மூன்றெழுத்தை அழித்து மூன்றெழுத்து.

ஆனால் இரவென்றால்
ஜீப்பின் வெளிச்சம் மதிலில் ஊர்ந்தால் போதும்.
ஒரு நாய். ஒரு கதவு.
தவநேசன் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி வெளியே வருவான்.
சுற்றிலும் யாருமில்லை என்று தனியாக எழுதத் தேவையில்லை,
தலைப்பே பார்த்துக்கொள்ளும்.

பகலுக்கு ஒழுங்கையை நிரப்ப வேண்டும்.
களுவாஞ்சிகுடியில் பின்னேரம் நாலு மணிக்கு
வெறும் ஒழுங்கைக்கு எங்கே போக?

“துணை ஆக்கள் எத்தின பேர்?”

எண்ணினேன்.
சைக்கிள் கடை வாமதேவன்,
ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடி.
குமிழி வந்துகொண்டே இருக்கிறது,
அவர் குமிழியைப் பார்க்கவில்லை.
கச்சான் சுருளைப் பாதியில் நிறுத்திய நேசம்மா.
கொடியில் உடுப்பெடுக்கும் ஒருத்தி, பெயர் கேட்டதில்லை.
ரியூசன் விட்டு வந்த நாலு பொடியள்.
அதில் ஒருவன் கையில் ஐஸ்பழம்.
சிவப்பு. முழங்கைவரை வழிகிறது.
அவன் நக்கவில்லை.

‘பயந்து போயிருக்கிறான்’ என்று எழுதி
வெட்டினேன்.
பயத்தைக் கமெரா பிடிக்காது.
வழிகிறதைப் பிடிக்கும்.

நிறம் எப்படித் தெரியும் என்று றூக்மன் கேட்கவில்லை.
ஒன்பது பிரதியாக அந்த ஒழுங்கையை
நான்தான் இருட்டாக்கி வைத்திருந்தேன்.
அன்று நல்ல வெயில்.

தவநேசன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான்.
(நீண்ட ஷொட். வெட்ட வேண்டாம்.)
“தம்பி, ஊட்ட சொல்லிப்போடு” என்கிறான்.
எந்தத் தம்பி என்று குறிக்கவில்லை.
ஜீப் கிறுகுகிறது.
வாமதேவன் ரியூப்பை வெளியே எடுக்கிறார்,
ஓட்டை எங்கே என்று மறந்து,
திரும்பவும் அமுக்குகிறார்.

அனுப்பினேன்.
பதினொரு மணிக்குப் பதில் வந்தது:
“ஏழு பேர். ஒருத்தருக்கும் வசனம் இல்லத்தானே?”

இல்லை.

“அப்ப நல்லம். வசனம் இல்லாட்டி
தலைக்கு ஆயிரத்தைந்நூறுதான்.”

மறுகா இன்னொன்று:
“ஐஸ்பழம் எத்தின வேணும்?”

ஒரு ரேக்குக்கு ஒன்று.
ஒரு பெட்டியாகவே எடு.