நான்குக்கும் ஐந்துக்கும் இடையே

நரின் ஆற்றைத் தாண்டி மூன்றாம் நாள்.
இடப்பக்கப் பையில் அரிசி, வெங்காயம், பஞ்சர் பசை.
வலப்பக்கம், துண்டில் சுற்றிய மடிக்கணினி.
எப்படிக் கட்டினாலும்
வண்டி வேலைப் பக்கமே சாய்கிறது.

எந்த நாடு, எங்கே போகிறாய், தனியாகவா,
புருஷன் எங்கே?
முதல் மூன்றுக்கும் ரஷ்ய மொழியில் பதில் மனப்பாடம்.
நான்காவதற்குப் பின்சக்கரத்தைக் காட்டுவேன்.
சிரித்துவிட்டு ரொட்டி தருவார்கள்.

நான் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்பவள்.
டென்மார்க்கில், ஆர்ஹுஸ் ஊரில்,
இருநூற்றுப் பதினோரு லிஃப்டுகள்.
ஒன்றில்கூட ஏறியதில்லை.
கதவு மூட எத்தனை நொடி,
கயிறு எவ்வளவு தேய்ந்தது,
ஆறாம் மாடியில் யார் வீட்டு நாய்
வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது,
எல்லாம் எண்களாக என்னிடம் வரும்,
சிக்னல் இருந்தால்.

இந்தக் கிராமத்தில் அது கல்லறை மேட்டில்தான் கிடைக்கும்.
செத்தவர்களுக்கு நான்கு கோடு, எங்களுக்கு ஒன்றுமில்லை
என்றான் பெட்ரோல் போடுகிறவன்.
மண்செங்கல் மாடங்கள், மேலே தகரப் பிறை.
யாரோ ஒருவருடைய நிழலில் உட்கார்ந்து
மன்னிக்கணும் என்று அவரிடம் தமிழில் சொன்னேன்.

கூட்டம் மதியம் ஒன்றுக்கு.
அவர்களுக்கு அப்போதுதான் காலை ஒன்பது.
பின்னணியை மங்கலாக்கினேன்.
மலை பஞ்சானது,
கல்லறைகள் புத்தக அலமாரி போலாயின.
மேய வந்த குதிரையை மட்டும்
மென்பொருள் மனிதர் என்று எண்ணி
காது மயிர்வரை தெளிவாக விட்டுவைத்தது.
"உங்களோடு வேறு யாராவது?" என்றார் ஹென்னிங்.
பக்கத்து அறைக்காரர் என்றேன்.

அப்போது நூற்று நாற்பதாவது சிவந்தது.
நான்குக்கும் ஐந்துக்கும் இடையே நின்றுவிட்டது.
உள்ளே ஒருத்தி, பெயர் வீபெகே,
கையில் தட்டு நிறைய முட்டை.
மெக்கானிக் வர நாற்பது நிமிடம்.
அதுவரை பேச்சுக் கொடுப்பது என் வேலை.

முட்டையைக் கீழே வையுங்கள் என்றேன்.
வைக்க மாட்டேன் என்றாள்.
அங்கே என்ன சத்தம் என்றாள். காற்று என்றேன்.
உங்கள் ஆபீஸில் ஜன்னல் திறந்திருக்கிறதா,
கொடுத்துவைத்தவள் என்று அழத் தொடங்கினாள்.

மேகம் சூரியத் தகட்டை மூடியது.
பேட்டரி ஒன்பது சதவீதம். ஏழு.

ஜிபெக் பால் லாரி ஓட்டுகிறவள்.
தினமும் இந்நேரம் இதே மேட்டுக்கு வந்து
மகளோடு போனில் பேசுகிறவள்.
என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
லாரியைப் பின்னோக்கி ஓட்டிவந்து
கல்லறைக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தி
சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து
ஒயரை நீட்டினாள்.

முப்பத்தெட்டாவது நிமிடம் கதவு திறந்த சத்தம்.
முட்டை உடையவில்லை என்று கத்தினாள் வீபெகே.
தொடர்பு போய்விட்டது.
குதிரை இன்னும் மென்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஜிபெக் கேட்டாள், இது என்ன வேலை?
எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி போதாமல்
உள்ளங்கையை மேலே தூக்கி, கீழே இறக்கிக் காட்டினேன்.
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
"பிஷ்கெக்கில் ஒன்பதாம் மாடி, ஆறு வருஷம்.
கைக்குழந்தை, தண்ணீர்க் குடம், உருளைக்கிழங்கு மூட்டை.
ஒருநாளும் அது ஓடியதில்லை.
இங்கிருந்தே சரிசெய்வாயோ, எங்களுடையதையும் செய்."
தெருப் பெயர், கட்டட எண், நுழைவாயில் எண்
என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பாதியில்தான் தெரிந்தது.
என் பட்டியலில் புதிதாகச் சேர்க்க அனுமதி இல்லை.
இருந்தாலும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கணவாய்.
தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம்,
மாடிக்கு மூன்று என்றால் முந்நூறு மாடி.
நூற்றுப் பத்தில் செயின் கழன்றது.
வியர்வையில் கட்டட எண் பாதி அழிந்திருந்தது,
ஏழா, ஒன்றா?
இருநூற்று நாற்பதுக்குமேல் கால் வரவில்லை.
இறங்கி, வண்டியில் சாய்ந்து,
சும்மா ஒருமுறை மணியை அழுத்தினேன்.

பாறை மேலிருந்து மர்மோட் ஒன்று
விசிலடித்துவிட்டு வளைக்குள் ஓடியது.