மணல் மூட்டை

பழைய வண்டிக்குப் பின்சக்கர ஓட்டம்.
பனி விழத் தொடங்கினால் டிக்கியில் இரண்டு மணல் மூட்டை.
எழுபத்திரண்டில் ஃபியட் நூற்றிருபத்தெட்டு வாங்கியும்
குவால்தியேரோவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

குனேயோ தாண்டி மூன்றாவது மலைவளைவில்
மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.
முன்சக்கரங்கள் வெறும் பனியை அரைத்தன.
"இது முன்னால் இழுக்கிற வண்டி" என்றேன்.
"டுரின் ஆலையில் இதற்குக் கதவு மாட்டுகிறவன் நான்.
எனக்கா சொல்கிறாய்?"

கதவுதானே மாட்டுகிறாய்.

இறங்கினேன். ஒரு மூட்டையை அவிழ்த்து
சக்கரத்தடியில் கொட்டினேன்.
பிறகு பானெட் மேல் ஏறி உட்கார்ந்தேன்,
கோட்டும் தொப்பியுமாய், அறுபத்தெட்டு கிலோ.
அடியில் எஞ்சின் குறுக்காகப் படுத்து உறுமியது;
சூடு தொடைவரை ஏறியது.

நகர்ந்தது.

கண்ணாடிக்கு அப்பால் அவன் வாய் அசைந்தது.
நன்றியோ, வசவோ,
வைப்பர் அழித்துக்கொண்டே இருந்தது.