இரண்டாம் பந்தி, எட்டரை மணி

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு மேற்கே
பேட்டரிக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில்
எட்டடி அகலம் என் அலுவலகம்.
திருப்பதி, மேல்மருவத்தூர், உம்ரா,
போன வருஷத்திலிருந்து கப்பலும்.
கடல் இங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
கண்ணாடியில் ஒட்டிய கப்பல்மேல்
சேலம் பஸ் கிளப்பும் புழுதி படிகிறது.

திம்மராயனும் கெம்பம்மாவும் வந்தபோது மணி மூன்று.
ஓசூரில் லாரிக்கு அச்சு செய்யும் ஆலையில்
முப்பத்தோரு வருஷம் அவர்.
மாங்கூழ் ஆலையில் சீசனுக்குச் சீசன்
ராத்திரி வேலை அவள்.
மகன் பணம் அனுப்பியிருக்கிறான்,
மூன்று இரவுக்கு, ஜன்னல் இல்லாத அறைக்கு.

பெயர், வயது, ஆதார் எண், முட்டிவலி உண்டா,
எல்லாம் ஓடியது.
பதினேழாம் கேள்வியில் நின்றது.

இரவு உணவு: குறித்த நேரமா, விரும்பிய நேரமா?

விளக்கினேன்.
குறித்த நேரமென்றால் ஒரே மேசை, அதே நாற்காலி,
பரிமாறுகிறவரும் மாறமாட்டார்.
முதல் பந்தி ஆறு மணி, இரண்டாம் பந்தி எட்டரை.
விரும்பிய நேரமென்றால்
பசித்தபோது போகலாம், காலி இடத்தில் உட்காரலாம்,
யாரோ பரிமாறுவார்.

"விரும்பின நேரம்" என்றார்,
நான் முடிப்பதற்குள்.
"சங்கு ஊதித் தின்னதெல்லாம் போதும்மா.
இருபது நிமிஷம் கேன்டீன்.
டோக்கனுக்கு வரிசை, கை கழுவ வரிசை,
வாயில இருக்கிற உருண்டையோட மெஷினுக்கு ஓடணும்.
காசு குடுத்துப் போற எடத்திலயும் மணி அடிப்பானா?"

"குறிச்ச நேரம்" என்றாள் கெம்பம்மா.
குரல் உயரவில்லை.
கணினி தனித்தனியாகக் கேட்பதில்லை,
ஒரு அறைக்கு ஒரு விடை.
பந்திக்கு முந்தச் சொல்லியிருக்கே என்று
சிரித்துப் பார்த்தேன்.
எடுபடவில்லை.

அவள் கேட்டாள்:
"நாங்க வரலைன்னா
யாராச்சும் தேடுவாங்களா?"

எனக்குத் தெரியாது.
மும்பைக்குப் போன் போட்டேன்.
எட்டு நிமிஷம் வீணை வாசித்தார்கள்.
கால் மணி நேரம் நாற்காலி காத்திருக்குமாம்.
அப்புறம் அறைக்குக் கூப்பிட்டு
வருகிறீர்களா என்று கேட்பார்களாம்.

"கேப்பாங்களாமே" என்றாள்
அவரிடம் அல்ல, மேசைமேலிருந்த ஸ்டேப்ளரிடம்.

களி கிண்டி, மேலே தட்டு மூடி
ஆலை வேனில் ஏறிவிடுவாளாம்.
விடிந்து வரும்போது
தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.
அவர் வந்ததற்கும் போனதற்கும்
அந்த ஈரத் தட்டுதான் சாட்சியாம்.
சில நாள் தட்டு காய்ந்திருக்கும்.
அப்போது தொட்டுப் பார்ப்பாளாம்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெகுநேரம்.
"ஸ்ட்ரைக் அப்ப சாப்பிட்டோமே" என்றார்.
"நாப்பத்தோரு நாள். ரெண்டு பேரும். எட்டரைக்கு."
"ரேஷன் அரிசி" என்றாள்.
"கொள்ளு ரசம். கடைசி வாரம் அதுவும் இல்ல."
"எட்டரைக்கு" என்றார் மறுபடி.

இரண்டாம் பந்திமேல் வைத்து அழுத்தினேன்.
யாரும் தடுக்கவில்லை.

ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்து
அவள் இறங்கினாள். அவரும்.
ஐந்து நிமிஷத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார்,
குடையை விட்டுவிட்டேன் என்று.
குடை கையில் இருந்தது.

"பதினோராம் மாடியில
ராப்பகலா சோறு கெடைக்கும்னு போட்டிருக்கே,
நெசமா?"
"நெசந்தாங்க. எப்ப வேணா. எவ்ளோ வேணா."
கணக்குப் போடுவதுபோல் தலையை ஆட்டினார்.
"அவகிட்ட சொல்லிடாதம்மா."

வெளியே கெம்பம்மா
கண்ணாடிக் கப்பலின் புழுதியை
முந்தானையால் துடைத்துவிட்டு
வெளிச்சம் வெளிச்சமாக விரல் வைத்துப் போனாள்,
எது அந்த மேசை என்று.